எரவலுக்குப் போன பேரு

நம்ம அஞ்சாங்கிளாஸ் செட்டுல எல்லாரும் என்னப் பத்தி வந்த அந்தப் புஸ்தகத்தப் பாத்துட்டீங்கன்னு தெரியுது. போன்ல நம்ம குரூப்பத் தொறந்தா ஆளாளுக்குக் கைதட்டுற பொம்ம அனுப்பி வெச்சிருக்கீங்க. நம்ம மலைக்கே பெருமைன்னு ஒருத்தன். படிச்சிட்டு கண்ணுல தண்ணி வந்துடுச்சிடின்னு ஒருத்தி. எனக்கும் வந்துச்சி, ஆனா கண்ணுல இல்ல, வாயில. குமட்டினு வந்துச்சி.

அந்த அட்டைய இன்னொரு வாட்டி பாருங்க. பாவாட கட்டின பொண்ணு, கால்ல சக்கரம், தோள் மேல பச்சக் கிளி, பின்னாடி சூரியன். நம்ம ஜவ்வாது மலையில எவ தோள்ல கிளிய ஏத்தினு திரிஞ்சா? சாமக் கதிரத் தின்ன கொல்லையில எறங்குற கிளிய ஓட்டி ஓட்டித் தொண்ட கட்டினவங்க நாம. எழுத வந்த பொண்ணு என் வூட்டு சோபாவுல உக்காந்து, நான் போட்ட காப்பியக் குடிச்சிட்டு, நடந்தது அத்தனையும் கேட்டா. ஒண்ணு வுடாம சொன்னேன். சூப்பர் மேடம், சூப்பர் மேடம்னு எழுதினு போனா. அப்புறம் ஒரு நாள் போன் பண்றா. "சின்னப் பசங்க படிக்கறது மேடம். இன்ஸ்பைரிங்கா இருக்கணும். அந்த ஆட்டு விஷயத்த மட்டும் கொஞ்சம் பாசிட்டிவா மாத்திக்கறோம்." மாத்திட்டாங்க. ஆடு தலைய ஆட்டி வீராங்கனைக்கு விடை குடுத்துச்சாம். தூ.

அதனால நடந்த மாதிரியே உங்களுக்குச் சொல்றேன். மன்னிப்பு கேக்கறதுக்காக இத எழுதல. எனக்கு அப்போ பதினோரு வயசு. பெரியவங்க தூக்கி பஸ்ல ஏத்தினாங்க, போனேன். எனக்கு இருக்கறது அருவருப்பு, அவ்ளோதான். அதுல உங்களுக்கும் கொஞ்சம் பங்கு இருக்குது, அதையும் சொல்லிடறேன்.

அந்த ஸ்கேட்டு எங்க வூட்டுக்கு வந்தது காவலூர் குவார்ட்டர்ஸ்ல இருந்து. அங்க டெலஸ்கோப்புல வேல பாத்த ஒரு சாரு மாத்தலாகிப் போறப்ப, அவங்க வூட்டுல பாத்திரம் தேய்ச்சினு இருந்த எங்க அம்மாகிட்ட பழைய துணி மூட்டையோட அதையும் தள்ளி வுட்டுட்டுப் போனாங்க. இப்ப இருக்கற மாதிரி பூட்ஸோட சேந்தது இல்ல. ஒரு ஜோடி இரும்புத் தட்டு, தட்டுக்கு நாலு சக்கரம், கட்டிக்கத் தோல் வாரு. நீளத்தக் கூட்டவும் கொறைக்கவும் ஒரு சின்ன சாவி. அந்த வாருல ஊர் பேர் தெரியாத யாரோ ஒரு புள்ளயோட கால் வேர்வ ஊறிப் போயி, மழக் காலத்துல தூக்கினா எலி செத்த நாத்தம் அடிக்கும். சாம்பல் போட்டுத் தேய்ச்சோம், எலுமிச்சம்பழம் தேய்ச்சோம், போகல. அக்காவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்ல. சாவியக் கறுப்புக் கயித்துல கோத்துக் கழுத்துல போட்டுனா. குளிக்கறப்பகூட அவுக்க மாட்டா.

அக்கா என்னவிட ரெண்டு வயசு பெரியவ. ஏழாவது படிச்சா. நான் உங்ககூட அஞ்சாவது. நாலு காலுக்கு ஒரு ஜோடி ஸ்கேட்டு. அவ ஓட்டி முடிச்சு சாவியால தட்டக் கொறச்சுக் குடுத்தா நான் கட்டிப்பேன். ஊருக்குள்ள எங்க ஓட்டறது, மண்ணும் கல்லுமா இருக்கறப்ப? சாம அடிக்கற பாறைதான். ஞாபகம் இருக்கா, நம்ம ஊருக்கு மேக்கால, தட்டையா, பந்தல் போட்ட மாதிரி அகலமா ஒரு பாறை? அறுப்பு முடிஞ்சதும் அங்க கதிரப் பரப்பி மாடு கட்டி மிதிக்க வுடுவாங்க. அந்த வருஷம் எங்க அக்கா மாட்டுக்குப் பின்னாடி ஸ்கேட்டக் கட்டினு எறங்கினா.

மாடு எப்பவும் எடப் பக்கமாவே சுத்தும். உள்ள இருக்கற மாடு நின்ன எடத்துலயே நகரும், வெளிய இருக்கறதுதான் ஓடும். அக்கா கதிருக்கு வெளிய, பெருக்கி வுட்ட பாறையில, வெளி மாட்டோட கயித்தப் புடிச்சுனு அதோடயே சுத்துவா. ஒடம்ப உள்ள சாச்சு, வலது கால எடுத்து எடது காலுக்கு மேல போட்டு, மறுபடி எடுத்து மறுபடி போட்டு. யாரும் அவளுக்குச் சொல்லிக் குடுக்கல. விழாம இருக்கறதுக்கு அவளா கண்டுபுடிச்சது அது. அப்புறம் மாட்ட முந்த ஆரம்பிச்சா. எங்க அப்பா சாட்டையத் தூக்கினு, "ஏய், மாட்ட வெறுப்பேத்தாதடி, பால் வத்திப் போயிடும்"னு கத்துவாரு. காள மாட்டுக்கு ஏது பால்னு அக்கா சுத்தினே கேப்பா.

அத அழகா படம் வரைஞ்சு போட்டிருக்காங்க புஸ்தகத்துல, தங்கக் கதிருக்கு நடுவுல தேவத மாதிரி. சாணிய வரையல. மாடு ஓடற வேகத்துல பொதபொதன்னு போட்டுனே போகும், சக்கரம் அதுல ஏறும், நாம போயி அதுமேல உக்காருவோம். சாமத் தூசி கழுத்துல, அக்குள்ல, தொட இடுக்குல பூந்து ராத்திரி பூரா நமநமன்னு அரிக்கும். சொரிஞ்சு சொரிஞ்சுதான் எனக்குக் கால் ரெண்டும் சிரங்கா போச்சு. சீழ் கட்டி, ஈ மொய்க்க, பாவாட ஒட்டினு. அதுவும் இந்தக் கதையில வரணும், ஏன்னா அந்தச் சிரங்கு இல்லன்னா நான் இன்னிக்கு வீராங்கனை இல்ல.

டிரில் மாஸ்டர மறந்திருக்க மாட்டீங்க. கீழ்நாட்டுல இருந்து தண்டனையா நம்ம மலைக்கு அனுப்பினாங்கன்னு பேச்சு. வெத்தல எச்சிலக் கிளாசு ஜன்னல்லயே துப்புவாரே, செவுரு பூரா செகப்பா வழியுமே, அவருதான். சந்த அன்னிக்கு ஜமுனாமரத்தூர் தார் ரோட்டுல அக்கா ஓட்டினதப் பாத்துட்டு, கண்ணு ரெண்டும் வெளிய வந்துடுச்சி அவருக்கு. மலையில இருந்து எறங்கறதுக்கு அவருக்கு ஒரு ஏணி தேவப்பட்டுச்சி. கெடச்சிடுச்சி.

அன்னையில இருந்து தெனமும் காலம்பற ஒரு பச்ச முட்டய ஒடச்சு டம்ளர்ல ஊத்தி, "குடி, சக்தி"ம்பாரு. அவரு கட்ட விரல் நகத்துல சுண்ணாம்பு இருக்கும், அந்த விரலாலயே முட்டையக் கலக்குவாரு. அக்கா மூக்கப் புடிச்சுனு குடிப்பா. ஒரு நாள் கொமட்டி வெளிய எடுத்தப்ப, "வீணாக்கறியாடி, காட்டு நாயே"ன்னு முதுகுல ஒண்ணு வெச்சாரு. நான் பக்கத்துல நின்னுனு இருந்தேன். புஸ்தகத்துல அவருக்கு ஒரு முழுப் பக்கம். ஏழை மாணவிக்குத் தன் கையால் முட்டை ஊட்டிய தந்தையாம்.

அக்கா திருவண்ணாமலையில ஓட்டி ஜெயிச்சா. சும்மா இல்ல, கான்வென்ட் புள்ளைங்க எல்லாம் அரச் சுத்து பின்னாடி. அடுத்தது மெட்ராஸ். அதுல ஜெயிச்சா விளையாட்டு ஆஸ்டல்ல சேத்துப்பாங்க, சோறு போட்டு, துணி குடுத்து, மேல படிக்க வெப்பாங்கன்னு மாஸ்டர் சொன்னாரு. அக்காவுக்கு மெடல் மேலகூட அவ்ளோ ஆச இல்ல. ஆஸ்டல்னு கேட்டதும்தான் மொகம் மாறுச்சி. எட்டாவது முடிச்சா கல்யாணம்னு எங்க அப்பா முடிவு பண்ணி வெச்சிருந்தாரு. அவளுக்கு மலையவுட்டு எறங்கிப் படிக்கறதுக்கு இருந்த ஒரே வழி அந்தப் பந்தயம். இத அவ என்கிட்ட பாறை மேல உக்காந்து, சக்கரத்துல சிக்கின சாணிய ஈர்க்குச்சியால நோண்டினே சொன்னா. "ஜெயிச்சிடுவேன்டி. திரும்பற எடத்துல எவளும் என்னப் புடிக்க முடியாது."

காப்பு கட்டற பழக்கத்தப் பத்திப் புஸ்தகத்துல தப்புத் தப்பா இருக்குது, அதனால சொல்றேன். காளியம்மன் திருவிழாவுக்கு ஊரு மூப்பரு கோயில் கம்பத்துல மஞ்சக் கயிறு முடிஞ்சிட்டாருன்னா, அன்னிக்கு ராத்திரி ஊருக்குள்ள தூங்கின யாரும், காப்பு அவுக்கற வரைக்கும் வெளியூர்ல தங்கக் கூடாது. பகல்ல போனாலும் பொழுது சாயறதுக்குள்ள எல்லைக்குள்ள வந்துடணும். மீறினா ஊருக்கே அம்ம போடும்னு பயம். காப்புக்கு முன்னாடியே வெளியூர் போய்ட்டவங்களுக்கு அந்தக் கட்டு இல்ல. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் இருந்தா எங்க வேணா போலாம்.

திருவிழா பந்தயத்துக்கு அப்புறம்தான் வர்றதா இருந்துச்சி. நடுவுல பம்ப மேளம் அடிக்கறவங்களுக்கு வேற ஊர்ல வேல வந்துடுச்சின்னு காப்ப ஒரு வாரம் முன்னாடி தள்ளிட்டாங்க. காப்புக்குள்ள மாட்டினா மெட்ராஸ் இல்லன்னு அன்னிக்கே அக்காவுக்குப் புரிஞ்சிடுச்சி. எனக்குச் சிரங்குக்கு ஊதா மருந்து போடறதுக்காக படவேட்டுல இருந்த சின்னம்மா வூட்டுக்கு அனுப்பினாங்க இல்லியா, அப்போ அப்பாகிட்ட கெஞ்சினா. "நானும் இவகூட படவேட்டுக்குப் போய்டறேன்பா. அங்கருந்தே சாரோட மெட்ராஸ் போய்க்கறேன்."

"அத்தினி புளிய யாரு ஒடைக்கறது?" அப்பா நிமிந்துகூடப் பாக்கல. அது புளி சீசன். வூடு பூரா ஓடும் கொட்டையுமா, புளிச்ச நாத்தமும் ஈயுமா, எங்க அம்மா கை நகமெல்லாம் கறுத்துப் போயி இருக்கும். "மாஸ்டரு மாதிரி படிச்ச ஆபீசரு வந்து கேட்டா மூப்பரு இன்னா, மாட்டேன்னா சொல்லப் போறாரு? மூடினு ஒடைடி."

அப்போ கீழ்நாட்டுல அவரு ஊருக்குப் போயிருந்த மாஸ்டருக்கும் பஸ் கண்டக்டர் மூலமா சொல்லி அனுப்பினா, காப்பு தேதி மாறிடுச்சி, முன்னாடியே வந்து இட்டுனு போங்கன்னு. "கயிறுதான? வந்து பாத்துக்கலாம்"னாராம் அவரு. இப்படி ரெண்டு பேரு. ஒருத்தருக்கு ஆபீசர் வந்தா சாமி எறங்கி வந்துடும்னு நெனப்பு. இன்னொருத்தருக்கு அது வெறும் கயிறுன்னு நெனப்பு. நடுவுல பதிமூணு வயசுப் பொண்ணு புளி ஒடச்சினு உக்காந்திருந்தா.

மெட்ராஸுக்குக் கெளம்பற அன்னிக்குக் காலம்பற எங்க சித்தப்பா என்னப் படவேட்டுல இருந்து பஸ்ல இட்டுனு வந்தாரு, தூர நின்னாவது திருவிழா பாக்கட்டும்னு. எல்லைக் கல்லுகிட்ட எறங்கினா, ஊரே அங்க நிக்குது. உங்கள்ல பாதிப் பேரு வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுனு இருந்தீங்க. காப்பு கட்டி மூணா நாளோ என்னவோ. எல்லை தாண்டறதுக்கு அம்மன்கிட்ட உத்தரவு கேக்கறாங்க. கோயிலுக்கு நேந்து வுட்ட கெடாவ நிக்க வெச்சு, மஞ்சத் தண்ணி தெளிச்சு, அது ஒடம்பச் சிலுப்பினா உத்தரவு, சிலுப்பலன்னா இல்ல.

அக்கா கெடாவுக்கு எதுக்க நிக்கறா. ரெண்டு சட வாரி இறுக்கிக் கட்டி, மாஸ்டரு எங்கிருந்தோ வாங்கினு வந்த பழைய கேன்வாஸ் ஷூ போட்டுனு, ஸ்கேட்ட வாரோட வாரு முடிஞ்சு கழுத்துல தொங்க வுட்டுனு. மூப்பரு தண்ணி தெளிச்சாரு. கெடா அவரப் பாத்துச்சி. மறுபடி தெளிச்சாரு. கெடா வேப்பலக் கொத்த மென்னுச்சி. பம்ப அடிக்குது, பொம்பளைங்க கையக் கூப்பினு நிக்கறாங்க, பஸ் டிரைவரு ஆரன அடிக்கறான், மாஸ்டரு வாட்ச்சப் பாக்கறாரு. சொம்புத் தண்ணியும் போச்சு, அடுத்த சொம்பும் போச்சு. கெடா தொப்பலா நனைஞ்சு, மஞ்சத் தண்ணி வயித்துல இருந்து சொட்டச் சொட்ட, புழுக்க போட்டுனு சும்மா நிக்குது. அக்கா அதோட கண்ணையே பாத்துனு இருந்தா. உதடு மட்டும் அசையுது. சிலுப்பு, சிலுப்புன்னு சொல்றான்னு எனக்குத் தெரிஞ்சிச்சி.

"அம்மா வுடல சாரு. பொண்ணு தாண்டக் கூடாது"ன்னு மூப்பரு சொம்பக் கவுத்துட்டாரு.

மாஸ்டரு சுத்திப் பாத்தாரு, சந்தையில மாடு பாக்கற பார்வ. கல்லுக்கு அந்தப் பக்கம் நின்னுனு இருந்த என்மேல வந்து நின்னுச்சி. "இது யாரு? சின்னதா? இதுவும் ஓட்டுமா?"

"ஓட்டும் சார்"னாரு எங்க அப்பா. கேட்ட ஒடனே சொல்லிட்டாரு.

"இது காப்புக்கு வெளியதான இருந்துச்சி? அப்ப இத ஏத்து. வயசும் சரியாத்தான் கீது. பேரு குடுத்தது குடுத்ததுதான், மாத்த முடியாது. பெரியவ பேர்லயே ஓட்டட்டும்."

அப்பதான் அக்கா வாயத் தொறந்தா. "அது என் பேரு சார்."

"அட, ஒன் பேரு இன்னா தேஞ்சா போய்டும்?" அப்பா சிரிச்சாரு. கூட நின்னவங்களும் சிரிச்சாங்க. "பக்கத்து வூட்டுக்கு மொறம் எரவல் குடுக்கறது இல்ல? போய்ட்டு வந்து திருப்பிக் குடுத்துடுவா."

அந்த நேரம் பாத்து அந்தக் கெடா, கொம்புல இருந்து வாலு வரைக்கும் ஒரு சிலுப்பு சிலுப்புச்சி பாருங்க. முன்னாடி நின்னவங்க மூஞ்சி பூரா மஞ்சத் தண்ணி. குளுருல நனைஞ்ச ஆடு சிலுப்பாம இன்னா பண்ணும்? ஆனா ஊரே கன்னத்துல போட்டுனுச்சி. "அம்மா உத்தரவு குடுத்துட்டா! சின்னவள அனுப்புன்னு சொல்லிட்டா!" பம்ப எகிறுச்சி. அக்கா, "இப்ப சிலுப்புச்சே, அது எனக்குத்தான், என்னத்தான் கேட்டீங்க, எனக்குத்தான் சிலுப்புச்சி"ன்னு மூப்பரு கையப் புடிச்சு இழுத்தா. "ஒனக்குக் கேட்டது முடிஞ்சிடுச்சி கண்ணு. இது இந்தப் பேச்சுக்கு"ன்னு கைய உருவினாரு அந்த மனுஷன். இன்னிக்கும் என் காதுல இருக்குது. அம்மன் மேல எனக்குக் கோவம் இல்ல. அம்மன் எதுவும் சொல்லல. ஆடு சொன்னதா இவங்க சொன்னதுதான் எல்லாம்.

எங்க அம்மா ஸ்கேட்டக் கழட்ட வந்தா, அக்கா குடுக்கல. ரெண்டு கையாலயும் மாரோட அணச்சுனு நின்னா. அப்பா விரல ஒண்ணு ஒண்ணாப் பிரிச்சாரு. அதுக்கப்புறம் அவ அழல, கத்தல. குனிஞ்சு ஷூவ அவளே கழட்டினா. கல்லுகிட்ட வந்து, என்னத் தரையில உக்கார வெச்சு, என் சிரங்குல வழிஞ்ச தண்ணிய அவ பாவாடையால ஒத்தி எடுத்துட்டு, ஷூவ மாட்டி வுட்டா. சாவியக் கழுத்துல இருந்து கழட்டி எனக்குப் போட்டா. "திரும்பறப்ப வெளி மாடு மாதிரி போ. பயந்து நிமிந்துடாத"ன்னா. எனக்குப் போகணும்னு ஆசதான். பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவ மூஞ்சிய அவ்ளோ கிட்டப் பாத்துட்டு அந்த ஆசையத் தொட முடியல, கையில ஒட்டின கோழ மாதிரி இருந்துச்சி.

பந்தயத்தப் பத்தி புஸ்தகத்துல பதினஞ்சு பக்கம். நான் சொல்றதுக்கு அவ்ளோ இல்ல. சிமெண்டுத் தரை, வட்டமா. ஷூ ஒரு சைஸ் பெருசு, நுனியில பேப்பர் அடைச்சிருந்தாரு மாஸ்டரு. ரெண்டாவது சுத்துலயே சிரங்கு ஒடஞ்சு உள்ள கொழகொழன்னு ஆயிடுச்சி. வளைவு வந்தப்பலாம் அக்கா காலுதான் கண்ணுக்குத் தெரிஞ்சிச்சி, வலது எடுத்து எடது மேல, மறுபடி எடுத்து மறுபடி. அவ கண்டுபுடிச்சதத் திருடினு சுத்தினேன், ஜெயிச்சேன். சாக்ஸக் கழட்டினப்ப தோலோட வந்துச்சி. மாஸ்டரு அதப் பாத்து மூக்கப் பொத்தினாரு, போட்டோக்காரன் வந்ததும் பொத்தின கையாலயே என்னத் தூக்கித் தோள்ல வெச்சுனாரு. யாரோ பெரிய மனுஷன் ஒரு மாலையப் போட்டாரு. ஏற்கெனவே நாலு பேரு கழுத்துல கெடந்த மாலை, வேர்வையும் அத்தரும் வாடின சம்பங்கியும் கலந்து ஒரு நாத்தம். அந்தப் போட்டோதான் புஸ்தகத்துல நடுப் பக்கம். நான் சிரிக்கறேன்னு எழுதியிருக்காங்க. வாந்திய அடக்கினு இருந்தேன்.

திரும்பி வந்தப்ப காப்பு அவுத்துட்டாங்க. அந்தக் கெடாவையும் வெட்டிட்டாங்க. எங்க வூட்டுப் பங்குல எனக்குன்னு எடுத்து, மஞ்ச உப்பு தடவி உப்புக்கண்டமா கொடியில காய வெச்சிருந்தா அம்மா. "அம்மன் உனக்கே உத்தரவு குடுத்த கெடாடி, சாப்புடு"ன்னு வறுத்துத் தட்டுல வெச்சா. ஒரு துண்டு வாயில போட்டேன். வாசலுக்கு ஓடி எடுத்துட்டேன். அன்னையில இருந்து இன்னி வரைக்கும் ஆட்டுக் கறி வாடையே ஆகாது எனக்கு. ஆபீஸ் விருந்துல எல்லாம் நான் சைவம்னு நெனச்சினு இருக்காங்க.

மாஸ்டரு வூட்டுக்கே வந்து சொன்னாரு. ஆஸ்டல்ல எடம் கெடச்சாச்சி, ஜெயிச்ச பேருக்குத்தான் எடம், ஜெயிச்ச காலுதான் வரணும். அப்ப சின்னவ பெரியவ பேர்லயே போகட்டும், ஏழாவதுலயே சேரட்டும், அங்க படிப்ப யாரு பாக்கறான். அக்கா கேட்டா. "அப்ப நான் எந்தப் பேர்ல படிக்கறது சார்?" மாஸ்டரு வெத்தல மென்னுனே யோசிச்சாரு. ஒரு பேரு ரெண்டு பள்ளிக்கூடத்துல இருக்க முடியாது இல்லியா. "சின்னவ பேரு அஞ்சாவதுல சும்மாதான கீது. அதுல உக்காரட்டும். இன்னா இப்போ?"

இங்கதான் நீங்க வர்றீங்க. ஏழாவது படிச்ச என் அக்கா, என் பேருக்கு ஆஜர் சொல்லினு உங்ககூட அஞ்சாவதுல வந்து உக்காந்தா. முட்டி பெஞ்சுல இடிக்கும்னு கடைசியில தரையில உக்காந்தா. நீங்க இன்னா பண்ணீங்க? கொக்குன்னு பேரு வெச்சீங்க. வாத்தியாரு என் பேரக் கூப்பிடறப்பலாம், அவ ஆஜர் சொல்றதுக்கு முன்னாடி கொக்குன்னு கோரஸ் குடுத்தீங்க. இத எனக்கு அவ சொல்லல, உங்கள்ல ஒருத்திதான் கல்யாண வூட்டுல சிரிச்சினே சொன்னா. சாம வெதப்பு வந்துச்சி, அக்கா கொல்லைக்குப் போய்ட்டா, திரும்பி வரல. அவ வரலன்னு நீங்க யாரும் தேடல. ஸ்கேட்ட எங்க அப்பா ஒரு பலகைக்கு அடியில அடிச்சு வண்டியாக்கிட்டாரு. புளி மூட்டைய அதுல வெச்சு பஸ் ஸ்டாப் வரைக்கும் இழுத்துனு போவா அக்கா, சக்கரம் தேஞ்சு வுழற வரைக்கும்.

நான் ஓட்டினேன், ஜெயிச்சேன், கப்பு வாங்கினேன். அவ பேர்ல வேல கெடச்சிச்சி, இப்ப முட்டி ரெண்டும் போயி அவ பேர்லயே ஆபீஸ்ல உக்காந்திருக்கேன். வளந்ததுக்கு அப்புறம் பேர மாத்திக்கலாம்னு ஒவ்வொரு ஆபீசர்கிட்டயா போனேன். "விடுங்க மேடம், உங்களுக்கும் வேல போயிடும், அவங்களுக்கும் வராது"ன்னாங்க. அக்காவும் அதையே சொன்னா. ரேஷன் கார்டுல, ஓட்டுச் சீட்டுல அவ என் பேரு. ஊருல மட்டும் அவ பேரு அவளுக்கு. மாமியா கூப்டறது, ஏரோட்டறவன் கூப்டறது, பேரப் புள்ளைங்க கேலி பண்றது எல்லாம் அந்தப் பேர்லதான். புஸ்தகத்துல அவ எப்படி வர்றா தெரியுமா? என் பேர்ல. படிப்பில் நாட்டமில்லாத தங்கை ஒருத்தி இருந்தாள், அவள் அக்காவின் வெற்றிக்காக வீட்டில் ஆடு மேய்த்தாள்னு ஒரு வரி. படிப்பில் நாட்டமில்லாத.

போன மாசம் ஜமுனாமரத்தூர்ல அந்தப் புஸ்தகத்துக்கு விழா வெச்சாங்க. நான் போறதா இல்ல. அக்காதான், "பசங்க ஆசையா இருக்கும், போடி, நானும் வர்றேன், நீ பேசறத நான் கேட்டதே இல்ல"ன்னா. கல்யாணத்துக்கு எடுத்த பொடவையக் கட்டினு வந்தா. அவள மூணாவது வரிசையில உக்கார வெச்சிட்டு நான் மேடைக்குப் போனேன். பின்னாடி அந்தக் கிளி படம், பேனர்ல ஆள் உசரத்துக்கு. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பேசினாங்க. மலையின் மகள், இரும்புக் கால், விடாமுயற்சி. நான் பல்லக் கடிச்சினு அக்காவப் பாத்துனு இருந்தேன். அவ மேல சுத்தற ஃபேனப் பாத்துனு இருந்தா.

அப்ப மைக்குல அந்தப் பேரக் கூப்ட்டாங்க. முழுப் பேரு, அப்பா பேரு, ஊர்ப் பேரோட.

அக்கா எழுந்து நின்னுட்டா.

வேணும்னு இல்ல. கூப்ட்டாங்க, எழுந்தா. பொறந்ததுல இருந்து அவ பேரு அது. பொடவத் தலப்ப இழுத்து வுட்டுனு, வரிசைய வுட்டு வெளிய வர ஒரு கால எடுத்து வெச்சிட்டா. முன்னாடி இருந்த புள்ளைங்க திரும்பிப் பாத்துச் சிரிச்சிச்சி. நெஞ்சுல பேட்ஜ் குத்தின ஒரு ஆளு ஓடி வந்து அவ தோளப் புடிச்சு அழுத்தினான். "உக்காரும்மா, உக்காரும்மா. உன்ன இல்ல."

அக்கா என்ன நிமிந்து பாத்தா. அப்புறம்தான் அவளுக்கு ஞாபகம் வந்துச்சி. வாயப் பொத்தினு வெக்கமா சிரிச்சா, தப்பு பண்ணிட்ட மாதிரி. சட்டுனு உக்காந்துட்டா.

அவ்ளோ சீக்கிரம் உக்காந்தா பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல. நாப்பது வருஷத்துக்கு மேல எவன் சொன்னாலும் அவ உக்காந்துடறா. நான் எழுந்தேன். மைக்க என் பக்கம் நீட்டினாங்க, வாங்கல. படியில ஒவ்வொரு முட்டியா மடக்கி எறங்கி, மூணாவது வரிசைக்குப் போனேன். அவ பக்கத்துல நாற்காலி காலி இல்ல. தரையில, அவ கால்கிட்ட உக்காந்தேன். "இன்னாடி இது, எல்லாரும் பாக்கறாங்க, போடி"ன்னு குசுகுசுன்னா. அவ கையப் புடிச்சுனேன், வுடல. மைக்குல மறுபடியும் அந்தப் பேரக் கூப்ட்டாங்க. அப்புறம் இன்னொரு வாட்டி, சத்தமா. நாங்க ரெண்டு பேருமே எழுந்திருக்கல.